முதிர்வுத் தேதி இல்லாத பயம்

ஆவுடையப்பன் இருபத்தேழு வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துகளை அவரைப்போல எடுத்துச் சொல்ல அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் வயதைக் கேட்பார். புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டால், பால் பொங்குவதற்குள் தீ விபத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். கேட்டவர்கள் கலங்கிப்போய்க் கையெழுத்துப் போடுவார்கள். அவர் கலங்கியதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரோடு படித்த ஒருவர் திடீரென்று இறந்துபோனார். இழப்பீட்டுப் படிவங்களில் அந்த வீட்டம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் அவருக்கு நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வியர்த்தது. செத்தவனுக்கும் தனக்கும் ஒரே வயது என்பது அப்போதுதான் உறைத்தது. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றம்தான் என்று சொல்லி, பத்து நாளைக்கு அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் பதினோரு வருஷமாயிற்று. அரை ஒன்றாகி, ஒன்று மூன்றாயிற்று. டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கிற மருந்துக்கடை ஒன்றை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் படியேறுவதற்குள் கடைக்காரர் அட்டையை எடுத்து மேஜைமேல் போட்டுவிடுவார்.

மாத்திரை பயத்தை எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் வேறு சிலவற்றையும் எடுத்துக்கொண்டது. பாலிசியை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஆவுடையப்பன் தூங்கினார். எதிரே இருந்தவர்கள் காபி போட்டு எழுப்பினார்கள். பெயர்கள் மறந்தன. ஒருநாள் ஒரு துக்க வீட்டுக்கு மாலையோடு போனார். வாசலில் நின்ற மகனிடம், அப்பா எப்படி இருக்கார், போன தடவைக்கு இப்போ தேவலையா என்று விசாரித்தார்.

மகன் நல்லவன். "இப்ப வலி ஒண்ணும் இல்ல மாமா" என்றான்.

அன்றைக்கே ஆவுடையப்பன் வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் பிரித்துக் கொட்டினார். மூன்றாம் நாள் அவர் உடம்பு உதறியது. எறும்பு இல்லாத சுவரில் எறும்பு ஊர்ந்தது. மனைவி செண்பகவடிவு ஆட்டோ பிடித்து அவரை டாக்டர் பியாட்ரிஸிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் பியாட்ரிஸ் வைத்தியத்தைவிடத் திட்டுக்குப் பேர் பெற்றவர். பதினோரு வருஷம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்துவதா, வலிப்பு வந்திருந்தால் ஆளே போயிருப்பீர் என்று திட்டிவிட்டு, மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பதினான்கு மாதம் ஆயிற்று. கடைசி மாதங்களில் ஆவுடையப்பன் மாத்திரையை நகவெட்டியால் நறுக்கித் தின்றார். அந்தத் துணுக்கு செண்பகவடிவின் மூக்குத்திக் கல்லைவிடச் சின்னது. ஒருநாள் அதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்து போய்விட்டது. பதற்றம் திரும்பி வந்தது.

இது இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். இத்தனை வருஷம் மாத்திரை செய்த வேலையை உடம்பு இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அலை அலையாக வரும், போகும். நடக்க வேண்டும். மூச்சை மெதுவாக விட வேண்டும். காபி கூடாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். சிலருக்கு வாரக் கணக்கில் சரியாகும், சிலருக்கு மாதக் கணக்கில்.

எந்தத் தேதிக்குள் என்று ஆவுடையப்பன் கேட்டார். தேதியெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

முதிர்வுத் தேதி இல்லாத ஒன்றை ஆவுடையப்பன் தன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. அவர் வீட்டுக்கு வந்து இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது கைகளை மாற்றிக்கொண்டார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு செண்பகவடிவுதான் சொன்னாள், வடகரை மடத்துக்குப் போய்ச் சாமியிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று. சொன்னதில் பாதி அவருக்காக, மீதி தனக்காக.

வடகரை மடம் பெரியது இல்லை. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஆற்றைப் பார்த்த நாலு படி. சாமிக்கு நாற்பத்தாறு வயது, ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. சாமி கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் இடத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். பருத்த உடம்பு. எந்நேரமும் வாயில் வெற்றிலை, புகையிலை. எப்படிச் சாமியானீர்கள் என்று யாராவது கேட்டால், "அப்பளத்துக்கு மெஷின் வந்துட்டு" என்பார். தன்னைவிட மூத்தவர்களை, சிஷ்யர்களே ஆனாலும், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆவுடையப்பன் விழுந்து கும்பிட்டு, தம் உபாதைகளை எழுதிய மூன்று பக்கக் காகிதத்தை எடுத்தார். மொத்தம் முப்பத்தோரு உபாதைகள். வரிசை எண் போட்டிருந்தார். வாசியுங்கள் என்றார் சாமி. வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாமி ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டார்.

"பதினாலாவது என்ன சொன்னீங்க?"

"இடது காது சூடாகுது சாமி."

"எனக்கும் ஆகும்."

ஆவுடையப்பன் காத்திருந்தார். சாமி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். அதில் எதையெதைச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, காபியைத் தவிர எல்லாம் செய்வதாகச் சொன்னார்.

"எத்தனை காபி?"

"ஆறு."

"அதை நிறுத்திட்டு வாங்க. மிச்சத்தைப் பேசுவோம்."

ஞானம் தேடி வந்தவருக்கு முதல் உபதேசமே காபியைப் பற்றியதாகப் போனதில் ஆவுடையப்பனுக்கு வருத்தம்தான். இருந்தாலும் மடத்திலேயே தங்கினார். காபியை ஆறிலிருந்து மூன்றாக்கி, மூன்றிலிருந்து ஒன்றாக்கி, ஒரு வாரத்தில் நிறுத்தினார். குறைக்கிற வித்தை அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

நிறுத்திய அன்று சாமியிடம் போய், பயத்தை விரட்ட மந்திரம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

சாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, மந்திரம் எதுவும் தெரியாது, அப்பளக் கதை ஒன்று தெரியும் என்றார்.

"எங்க முதலாளிக்கு மழைன்னா பயம். மொட்டை மாடி முழுக்க அப்பளம் காயப் போட்டிருப்போம். அவரு ஈஸி சேரைப் போட்டு வானத்தையே பாத்துட்டு இருப்பாரு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். மேகம் ஒண்ணு தலைகாட்டினா போதும், எடு எடும்பாரு. ஒருநாள் மேகமே இல்ல. அன்னைக்கும் வானத்தைத்தான் பாத்துட்டு இருந்தாரு."

"மழை வந்துட்டா?"

"ஆடு வந்துட்டு. பக்கத்து மாடியிலேர்ந்து தாவி வந்து ரெண்டாயிரம் அப்பளத்தையும் தின்னுட்டுப் போயிட்டு. அவரு கழுத்தை இறக்கவே இல்ல."

ஆவுடையப்பன் இதைக் கண்ணை மூடி வெகுநேரம் சிந்தித்தார். அப்புறம் தம் காகிதத்தை எடுத்து, முப்பத்தோராவதுக்குக் கீழே ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்று சாமி கேட்டார்.

"இத்தனை நாள் ஆட்டை நான் யோசிக்கவே இல்ல சாமி" என்றார் ஆவுடையப்பன்.

சாமி எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

பயம் தினமும் காலை பதினோரு மணி வாக்கில் வரும். வந்ததும் ஆவுடையப்பன் சாமி எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டு போவார். சாமி அவரைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் படிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"எங்க இருக்கு?"

"நெஞ்சுல."

வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவார். சுண்ணாம்பு தடவுவார்.

"இப்ப?"

"கழுத்துல ஏறிட்டு."

ஆவுடையப்பன் டாக்டர் சொன்னபடி மூச்சை மெதுவாக விடுவார். சாமியும் விடுவார். எதிர்க்கரையில் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

"இப்ப எங்க?"

"வயித்துல சாமி."

"ஒரு இடத்துல உக்காராது போல."

கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். வியாழன் முப்பத்திரண்டு நிமிஷம். வெள்ளி இருபத்தொன்பது. சனி இருபத்தாறு. சனிக்கிழமை மத்தியானம் அவர் முகம் தெளிந்திருந்தது. நாளைக்கு மூன்று நிமிஷம் வீதம் குறைந்தால் இன்னும் ஒன்பதே நாளில் பயம் முற்றிலும் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கும் போன் பண்ணித் தேதியைச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அது நாற்பத்தொரு நிமிஷம் இருந்தது.

ஆவுடையப்பன் நோட்டைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் வந்தார்.  நேற்று இருபத்தாறு, இன்றைக்கு நாற்பத்தொன்று, இது என்ன நியாயம் என்று கேட்டார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் சாமி.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் நோட்டைப் பையின் அடியில் வைத்துவிட்டார். படியில் சாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். நடுக்கத்துக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லையாம். பதினோரு வருஷம் தைரியமாக நடமாடியது மாத்திரைதானோ, அதைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் இந்த நடுங்குகிற ஆள்தான் உண்மையான ஆவுடையப்பனோ என்பதுதான் பயமாக இருக்கிறதாம். பழைய ஆளே திரும்பி வந்தால் தேவலை என்று சில நேரம் தோன்றுகிறதாம்.

சாமி கேட்டார்: "அந்தப் பழைய ஆளு, துக்க வீட்டுல போய் நலம் விசாரிச்சாரே, அவருதானே?"

"ஆமா சாமி."

"இவரே இருக்கட்டும்" என்றார் சாமி.

ஆவுடையப்பனிடம் இன்னொரு விஷயம் இருந்தது. சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் அரை மாத்திரை. நகவெட்டியால் நறுக்கிய மாதங்களில் மிச்சம் பிடித்து வைத்தது. டாக்டருக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அவர் அதைச் சாப்பிடவில்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரியும். பயம் வரும்போதெல்லாம் கை தானாகப் பைக்குப் போய்த் தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

புதன்கிழமை பயம் வந்தபோது சாமி மடத்தில் இல்லை. மதுரையில் உறவுக்காரக் கல்யாணம் என்று முதல் நாளே போயிருந்தார். ஆவுடையப்பனுக்கு அது தெரியாது. மடம் முழுவதும் தேடிவிட்டுத் தனியாகப் படியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குக் கை தீப்பெட்டியைத் தொட்டதோடு நிற்கவில்லை. இரண்டு தடவை திறந்தது. இரண்டாவது தடவை மாத்திரை பஞ்சைவிட்டு உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அதைத் திரும்பப் பெட்டிக்குள் போட அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு, சாமி கூடத்தில் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஆவுடையப்பன் போய் எதிரே உட்கார்ந்தார். தீப்பெட்டியைத் திறந்து அரை மாத்திரையைச் சாமியின் கையில் வைத்தார். எறிய மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, நீங்கள் எங்கேயாவது வைத்துவிடுங்கள், எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றார். சொல்லிவிட்டு, வைக்கிற இடம் தெரியக் கூடாது என்பதற்காக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வச்சாச்சு" என்றார் சாமி. அவர் கண் சிவந்திருந்ததை ஆவுடையப்பன் கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பயம் வந்தது. ஆவுடையப்பன் கூடத்துக்கு ஓடி வந்தார். சாமி பாயில் மல்லாந்து படுத்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி திறந்து கிடந்தது. பெட்டிக்குள் வெற்றிலை, சீவல், வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த சுண்ணாம்புச் சில்லுகள்.

ஆவுடையப்பன் அந்தச் சில்லுகளைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். மாத்திரையும் இதே வெள்ளைதான், சுண்ணாம்பென்று வெற்றிலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டுவிட்டாரோ? பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு சில்லாகத் தேடினார். மாத்திரை இல்லை.

சாமியைத் தோளைப் பிடித்து உலுக்கினார். சாமி "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

தாம் ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை தின்றுவிட்டு உலவியவர் என்பது ஆவுடையப்பனுக்கு அப்போது நினைவில் இல்லை. இருபத்தேழு வருஷத் தொழில்தான் நினைவுக்கு வந்தது. வயது நாற்பத்தாறு. பருத்த உடம்பு. புகையிலை உண்டு. பழக்கமில்லாத மருந்து. இப்படி ஒரு விண்ணப்பத்தை எந்தக் கம்பெனியும் ஏற்றுக்கொள்ளாது.

போனில் நாலு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தி, ஐந்தாவது தடவை டாக்டர் பியாட்ரிஸைப் பிடித்தார். நடந்ததைச் சொன்னார். அரை மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கான திட்டை நேரில் வைத்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். அப்புறம், மூச்சு சீராக இருக்கிறதா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா என்று டாக்டர் கேட்டார். "ம்" என்கிறார் என்றார் ஆவுடையப்பன். நல்லது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சைப் பாருங்கள், பதில் நின்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இங்கே இருக்கிறவர்களைப் பார்த்து முடித்துவிட்டு வருகிறேன் என்று டாக்டர் போனை வைத்தார்.

ஆவுடையப்பன் சாமியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அது சுலபமான வேலையாக இல்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தம் மணிக்கட்டை விட்டுவிட்டு இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

அப்போது பேச்சித்தாய் வந்தாள். மடத்தில் சமைப்பவள் அவள்தான். வியாழக்கிழமைகளில் மடத்தில் எண்பது பேருக்குச் சாப்பாடு. பேச்சித்தாய் சோறு போடுவாள், சாமி பின்னாலேயே சாம்பார் ஊற்றிக்கொண்டு வருவார். முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது, இலையில் சோறு விழுந்துவிட்டது, சாமி எங்கே என்று கேட்டாள். ஆவுடையப்பன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். பேச்சித்தாய் குனிந்து சாமியின் முகத்தைப் பார்த்தாள். மூக்கின்முன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"டாக்டரம்மா வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் ஜனம் வெறுஞ்சோத்தைப் பாத்துட்டு இருக்க முடியாது. நீங்க சாம்பார் வாளியை எடுங்க."

"என் கை நடுங்குதே தாயி."

"வாளி கனம். நடுங்காது" என்றாள் பேச்சித்தாய்.

அவள் சொன்னது பொய். வாளியும் சேர்ந்து நடுங்கியது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு காதுக்குள் அடித்தது. முதல் இலைக்கு ஊற்றும்போது கரண்டி வாளியில் பட்டுத் தந்தி அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. மூன்றாவது இலையில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டியில் ஒரு கரண்டி விழுந்தது.  ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்.

ஒரு வரிசை முடிந்ததும் ஆவுடையப்பன் வாளியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். சாமியின் வயிறு ஏறி இறங்கியது. "சாமி" என்றார். "ம்" என்றார் சாமி. திரும்பி ஓடி வந்து அடுத்த வரிசைக்கு ஊற்றினார். மறுபடி ஓடினார். மறுபடி "ம்". இப்படியே இரண்டாவது பந்தியும் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது ஆவுடையப்பனின் காதில் விழுந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் குருவைப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துதான் ஊற்றுகிறார், இப்படி ஒரு பக்தியைத் தான் பார்த்ததில்லை என்றார் அவர்.

மூன்றாவது பந்தி உட்காரும்போது வயதான ஒரு அம்மாள் வழியை மறித்தாள். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறதாம், சாமியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம், சாமி எங்கே என்றாள். சாமி இப்போது பேச முடியாது என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தார் ஆவுடையப்பன். அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்க தோஷத்தில் ஆவுடையப்பன் கேட்டார்: "பையனுக்கு வயசு என்ன?"

"இருபத்தொம்பது."

"உடம்புக்கு ஏதாவது உண்டா? சர்க்கரை, பிரஷர்?"

"ஒண்ணும் கிடையாதுங்க."

"அப்ப முடிங்க."

அந்த அம்மாள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் பியாட்ரிஸின் ஸ்கூட்டர் ஒன்றேகால் மணிக்கு வந்தது. டாக்டர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனார். நாடி பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். ஆவுடையப்பன் சாம்பார்க் கரண்டியோடு பின்னால் நின்றார். டாக்டர் சாமியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சாமி எழுந்து உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்தார்.

"பந்தி முடிஞ்சுட்டா?" என்று கேட்டார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தாராம். விடிந்துதான் இறங்கினாராம். கண் அசந்துவிட்டது என்றார். அரை மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் முனையில் இருந்த முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளே அரை மாத்திரை பத்திரமாக இருந்தது.

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு முழுவதும் வியர்த்திருந்தது. கை, கால், தாடை எல்லாம் ஆடின. இத்தனை நாளில் இவ்வளவு மோசமாக வந்ததே இல்லை.

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவர் பக்கம் நீட்டினார்.

"இந்தாங்க அண்ணாச்சி. உங்க சாமான்."

டாக்டர் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். பேச்சித்தாய் வாசலில் வந்து நின்றாள். ஆவுடையப்பன் அந்த மாத்திரையை வெகுநேரம் பார்த்தார். அதன் ஓரத்தில் நகவெட்டி பட்ட தழும்புகூட அவருக்குத் தெரிந்தது. அதைப் போட்டுக்கொண்டால் இருபது நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்பது அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அனுபவத்தில் தெரியும்.

"டாக்டர்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

டாக்டர் அதை வாங்கி ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதை ஒளித்து வைத்ததற்காக ஆவுடையப்பனைத் திட்டினார். ஆனால் வழக்கத்தைவிடச் சுருக்கமாகத் திட்டினார். திங்கட்கிழமை வந்து காட்டச் சொன்னார். பேச்சித்தாய் வற்புறுத்தியதால் ஒரு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். சாமியும் ஆவுடையப்பனும் ஆற்றுப் படியில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் இன்னும் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு வந்தது இன்னும் போகவில்லை என்றார். பந்தியின்போதும் இருந்தது, ஓடும்போதும் இருந்தது, டாக்டர் வந்தபோதும் இருந்தது, ஒரு நிமிஷம்கூட நகரவில்லை, இப்போதும் நெஞ்சு அடிக்கிறது என்றார்.

"அடிக்கட்டும். நின்னுட்டாத்தான் டாக்டரம்மா திரும்ப வரணும்" என்றார் சாமி.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"சாமி, நான் விளையாட்டுக்குக் கேக்கல. இது எப்பப் போகும்? ஒரு தேதி சொல்லுங்க. தப்பாப் போனாலும் நான் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு தேதி வேணும்."

 சாமி ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்தார்.

"எத்தனை பந்தி?" என்று கேட்டார்.

"மூணு."

"எல்லாருக்கும் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நாலைஞ்சு பேர் ரெண்டாம் தடவை வாங்கினாங்க."

"கை நடுங்கிச்சா?"

"மூணு பந்தியும் நடுங்கிச்சு சாமி."

"சாம்பார் சிந்துச்சா?"

"கொஞ்சம். ஹெட்மாஸ்டர் வேட்டியில."

சாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

"வர்ற வியாழக்கிழமை பாயசம் அண்ணாச்சி" என்றார். "ஹெட்மாஸ்டரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுதேன்."